மெஷின்ல பிழை இல்லீங்க

எங்கள் தொழிலில், நல்லபடியாக ஓடுகிற மெஷினைப் பற்றிச் சொல்ல இதுவரை ஒருவரும் டெலிபோன் கோல் எடுத்ததில்லை.

ஆய்வுக்கூடங்களில் இருக்கிற நுண் அளவு மெஷின்களைப் பழுது பார்ப்பது என் வேலை. ஒரு பவுசர் லொறி நிறையத் தண்ணீருக்குள் ஒரு உப்புக்கல் அளவு ஈயம் கிடந்தாலும் கண்டுபிடிக்கிற மெஷின், கொசுவின் இறக்கையை நிறுத்துச் சொல்கிற தராசு, இப்படி. கொழும்புக் கம்பெனிக்கு மலைநாட்டில் இருக்கிற ஒரே ஆள் நான்தான். பெயர் யோகராஜ். பிறந்தது வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயம் என்கிற வரிசை வீட்டில். இப்போது ஹட்டனில் ஒரு அறை. டூல் பொக்ஸோடு பஸ்ஸில் ஏறி இறங்கியே பதினாறு வருஷம் ஓடிவிட்டது. கெட்டுப்போன சாமானுக்கு முன்னால் நின்று, அதைக் கெடுக்காத குற்றத்துக்காக நீங்கள் எப்போதாவது ஏச்சு வாங்கியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

தராசுக்குச் சுகமில்லை

பந்துல அண்ணன் நுவரெலியாவில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் இருபத்தைந்து வருஷம் நிறுவை வேலை பார்த்தவர். சிங்களவர். தோட்டத்தில் வளர்ந்தவர் என்பதால் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. தேயிலை இலையைக் காயவைத்துத் தூளாக்கி, அதில் இரண்டே இரண்டு மில்லிகிராமை ஒரு சின்னத் தகரக் கிண்ணத்தில் இட்டு, இடுக்கியால் தூக்கித் தராசில் வைக்க வேண்டும். அந்த எடையை நம்பித்தான் எந்த மலைக்கு எவ்வளவு உரம் என்று தோட்டத்தில் முடிவெடுப்பார்கள். ஒரே கிண்ணம் மூன்று தடவை வைத்தால் மூன்று எடை காட்டுகிறது என்று அவரிடமிருந்து கோல் வந்தது. போனேன். தராசில் ஒன்றுமில்லை. மறுபடி கோல். மறுபடி போனேன். அப்போதும் ஒன்றுமில்லை.

மூன்றாவது முறை போனபோது, “அண்ணன், நீங்களே ஒன்றை வைத்துக் காட்டுங்க” என்றேன். இடுக்கியை எடுத்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியிலேயே கிண்ணம் இடுக்கியின் நுனியில் தந்தியடித்தது. தராசைச் சுற்றிப் பச்சைத் தூள் பூத்தூவலாய் விழுந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். இடுக்கியை வைத்துவிட்டு வலது கையை வெள்ளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். “தராசுன்னே எழுது மல்லி. ரிட்டயர் ஆக எட்டு மாசந்தான் இருக்கு. வீட்டில நோனாவுக்குக்கூட இன்னும் சொல்லல்ல” என்றார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி, நோனா என்றது மனைவியை.

தராசு பழுது என்று என்னால் எழுத முடியவில்லை. அவர் கை பழுது என்று எழுதவும் கை வரவில்லை. ஒரு மணித்தியாலம் பேனாவோடு உட்கார்ந்திருந்துவிட்டு, “இந்த வகைத் தராசுக்கு இரண்டு பேர் தேவை: ஒருவர் வைக்க, ஒருவர் பதிய” என்று மெஷின் செய்கிற கம்பெனியின் சட்டம் மாதிரி எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்துப் போனபோது ஒரு புதுப் பிள்ளை கிண்ணங்களை வைத்துக்கொண்டிருந்தது. பந்துல அண்ணன் பக்கத்து மேசையில், வலது மணிக்கட்டை இடது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு எண்களை எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னார்: “பாத்தியா மல்லி, தராசுக்குச் சுகமாயிருச்சு.”

சிலிண்டர்

சில மெஷின்களுக்கு ஆர்கன் என்று ஒரு வாயு வேண்டும். உள்ளே இரண்டாயிரம் பாகைக்குச் சூடாகிற சின்னக் குழாய் எரிந்து போகாமல் இருக்க, காற்றை விரட்டிவிட்டு இதை நிரப்புவார்கள். ஒரு மழைக்காலத்தில் கொழும்பிலிருந்து இரண்டு சிலிண்டரோடு லொறியில் வந்துகொண்டிருந்தேன். றொசல்ல தாண்டியதும் ரோட்டின் குறுக்கே மண் சரிந்து கிடந்தது. இரண்டு பக்கமும் வாகனம். எங்களுக்கு முன்னால் ஒரு வேன் நின்றது. அதற்குள் வட்டவளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற ஒரு பெரியவர். மூச்சு இழுக்கிற சத்தம் மழையை மீறிக் கேட்டது.

அவருடைய மகன், முப்பது வயசு இருக்கும், லொறிக்குப் பின்னால் கட்டியிருந்த சிலிண்டர்களைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். “அண்ணே, கொஞ்சம் தொறந்து விடுங்க. ஒரு அஞ்சு நிமிஷம். அப்பாவுக்கு மூச்சு நிக்கப்போவுது” என்றான். இது ஒட்சிசன் இல்லை, இதைச் சுவாசித்தால் இருக்கிற மூச்சும் போய்விடும் என்று சொன்னேன். அவன் நம்பவில்லை. முன்பொரு தடவை ஆஸ்பத்திரியில் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இதே மாதிரி உருளை நின்றதைப் பார்த்தவன் அவன். கூட நின்றவர்களும் நம்பவில்லை. ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். லொறி டிரைவர் சிலிண்டருக்கு முன்னால் கையை விரித்து நின்றார்.

கடைசியில், ஒரு சாக்கில் இரண்டு கம்பைக் கோத்துப் பெரியவரை அதில் கிடத்தி, ஆறு பேர் மண்மேட்டுக்கு மேலால் தூக்கினோம். அதில் ஒருவன் நான். முழங்கால் வரைக்கும் சேறு. பெரியவர் என் தோளுக்குப் பக்கத்தில்தான் மூச்சு வாங்கினார். ஒவ்வொரு மூச்சும் எனக்குத் தனித்தனியாகக் கேட்டது. அந்தப் பக்கம் நின்ற ஒரு ஓட்டோவில் ஏற்றினோம். இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் அவர் செத்துப்போனார் என்று வட்டவளைக் கடையொன்றில் பிறகு கேள்விப்பட்டேன். ஓட்டோவில் ஏறும்போது மகன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னது இதுதான்: “தரமாட்டேன்னா தரமாட்டேன்னு சொல்லுங்க அண்ணே. காத்துல விஷம்னு மட்டும் சொல்லாதீங்க.”

ஒரு ரப்பர் வளையம்

ஹட்டனில் ஒரு மெஷின் வாயு கசிந்து நின்றுவிட்டது. காரணம், மோதிர விரலில் போடலாம் போன்ற ஒரு ரப்பர் வளையம். கொழும்பில் கேட்டால் வெளிநாட்டிலிருந்து வர ஆறு வாரம் என்றார்கள். பழைய வளையத்தை எடுத்துக்கொண்டு நசீர் முதலாளியின் ஹார்ட்வெயார் கடைக்குப் போனேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், நகத்தால் கிள்ளினார், மோந்தும் பார்த்தார். பிறகு ஒரு பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துக் கொட்டி, அதிலிருந்து ஒன்றைப் பொறுக்கித் தந்தார். எதற்கு என்று கேட்டார். பக்கத்துத் தோட்டங்கள் குடிக்கிற தண்ணீரைச் சோதிக்கிற மெஷினுக்கு என்றேன். வளையம் அச்சாகப் பொருந்தியது. ஆறு வாரமும் தாங்கியது, அதற்குப் பிறகு ஒரு வருஷமும் தாங்கியது. அன்றைக்கு நான் கடையை விட்டு இறங்கும்போது முதலாளி கூப்பிட்டுச் சொன்னார்: “தம்பி, அது குக்கர் விசிலுக்குப் போடுறது. தண்ணி நல்லமெண்டு மெஷின் சொன்னா, நான் குடிக்க முந்தி எனக்கு ஒருக்கா சொல்லுங்க.”

காத்தமுத்து அண்ணனின் காலுறை

இன்னொரு இடத்தில் திங்கட்கிழமை தோறும் மெஷின் கிறுக்குப் பிடித்தது. எந்தத் தண்ணீரை வைத்தாலும் உப்புச் சத்து கூடுதல் என்றது. சுத்திகரித்த தண்ணீரை வைத்தாலும் கூடுதல்தான். மூன்று வாரம் குழாய் குழாயாய்க் கழற்றினேன். கடைசியில் சூட்டுக் காற்று வெளியேறும் குழாயின் வாயில், கம்பளி நூல் ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது. நீல நிறம். வெளியே வந்தால் வாட்ச்சர் காத்தமுத்து அண்ணன் நின்றார், காலில் நீலக் கம்பளிக் காலுறையோடு.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆய்வுக்கூடம் பூட்டு. மெஷின் அறை மட்டும் வருஷம் முழுக்க ஒரே சூடு, குளிர்ந்தால் மெஷின் கெட்டுவிடும். வாட்ச்சருக்கு வெளியே ஒரு தகரக் கூடு. நுவரெலியாக் குளிரில் நனைந்த காலுறையை அந்தக் குழாய் வாயில் போட்டுக் காயவைத்து, ஒரு நாற்காலியில் சாய்ந்து காலைச் சூடாக்கிக்கொள்வாராம். காலுறையின் வியர்வை உப்புத்தான் அந்தக் காற்றில் ஏறி மெஷினுக்குள் போயிருக்கிறது. “அது சத்தம் போடாமக் காத்து விடுது சேர், பக்கத்துல ஆள் இருக்குற மாதிரி” என்றார். அவர் வேலை போகக்கூடாது என்று பெயரை எழுதவில்லை. ஆனால் அறையைப் பூட்டிச் சாவியை அதிகாரி கையில் வைக்க வேண்டும் என்று எழுதத்தான் வேண்டியிருந்தது. அடுத்த முறை போனபோது ஒரு போர்வை வாங்கிக் கொடுத்தேன். மறுக்காமல் வாங்கிக்கொண்டார், நன்றி சொல்லவில்லை. நான் கேட்டைக் கடக்கும்போது சொன்னார்: “மெஷினுக்குக் குளிருச்சுன்னா கொழும்புக் கம்பெனி ஆள் அனுப்புது சேர். எனக்குக் குளிருச்சுன்னா வாட்ச்சர் தூங்கிட்டான்னு ரிப்போர்ட்டுதான் போவுது.”

ஒரு கடுதாசி

ஹட்டன் ஆய்வுக்கூடத்துப் பொறுப்பாளர் பரீனா மிஸ். ஒரு தோட்டத்து பீலித் தண்ணீரைத் தோட்ட நிர்வாகமே சோதனைக்கு அனுப்பியிருந்தது. ஊற்றிலிருந்து குழாய் வழியாக லயத்து ஜனங்களுக்கு வருகிற தண்ணீர். ஒவ்வொரு வருஷமும் கணக்குக்குச் செய்கிற சோதனைதான். இந்த வருஷம் அதில் ஈயம் வந்தது, இருக்கக்கூடிய அளவைப்போல் பல மடங்கு. ஊற்றுக்கு மேலே யாரோ ஒருவருக்குக் குத்தகைக்கு விட்ட கொட்டகையில் பழைய வாகன பெட்டரிகளை உடைத்து உருக்குகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மெஷின் பிழை என்றுதான் நிர்வாகம் சொன்னது. அதனால் என்னைக் கூப்பிட்டார்கள்.

ஈயமே இல்லாத தண்ணீரை வைத்தேன், பூச்சியம் காட்டியது. அளந்து ஈயம் கலந்த தண்ணீரை வைத்தேன், கலந்த அளவைக் காட்டியது. பீலித் தண்ணீரை மறுபடி மறுபடி வைத்தேன். எண் அசையவில்லை. தோட்டத்துச் சின்னத்துரை, அதாவது உதவி மேனேஜர், என் முதுகுக்குப் பின்னாலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இளந்தாரி, தமிழர்தான், அவருடைய அப்பா தோட்டத்தில் கிளாக்கராக இருந்தவர். “மெஷின்ல பிழை இல்லீங்க” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. பரீனா மிஸ் அந்தப் பக்கம் போனதும் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். சோதனை நடந்த வாரம் மெஷின் பழுதாக இருந்தது என்று இரண்டு வரி எழுதினால் போதும் என்றார். பெரியதுரை வெளிநாட்டில், அவர் வருவதற்குள் இதை முடிக்காவிட்டால் தன் வேலை இருக்காது என்றார். அவர் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. மாட்டேன் என்றேன். எழுந்து போகும்போது என் தோளில் கை வைத்தார்: “நீங்களும் தோட்டத்து ஆள், நானும் தோட்டத்து ஆள். ஒரு கடுதாசியில ரெண்டு பேரும் பொழைச்சிருக்கலாம்.”

பஸ் ஸ்டாண்டில்

அன்று மத்தியானம் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு பெண் என் பக்கத்தில் வந்து நின்றார். காலையில் ஆய்வுக்கூடக் கவுண்டரில் பார்த்த முகம். அதே தோட்டத்திலிருந்து தன் லயத்துத் தண்ணீரின் முடிவைக் கேட்டு வந்தவர். சோதனைக்குக் கொடுத்தவருக்குத்தான் முடிவைச் சொல்லலாம் என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். “நீங்கதானே மெஷின் பாக்குறவரு?” என்று கேட்டார். பெயர் செல்வராணி. கணவர் சந்திரனுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அவருக்கு நாலு மாதமாக வயிற்றில் முறுக்கல், பிறகு வலது கை மணிக்கட்டோடு தொங்கிப்போனது. “ஒரு நாளு தேயிலை சாக்க நழுவ விட்டுட்டாருங்க. கசிப்புச் சாராயம் அடிச்சிட்டு வந்திருக்கான்னு சொல்லி வேலைய நிப்பாட்டிட்டாங்க. லயத்துலயும் அதேதான் பேசுறாங்க. கல்யாணம் பண்ணி பதினோரு வருசம், அவரு வாயில ஒரு சொட்டு பட்டதில்லீங்க” என்றார்.

முடிவை வெளியே சொல்வது என் வேலையில் மன்னிக்காத குற்றம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் சேர்ந்தேன். பஸ் வந்தது, ஏறவில்லை. தண்ணீரில் ஈயம் இருக்கிறது என்றேன். “ஈயமா? பாத்திரத்துக்குப் பூசுற ஈயமா?” என்று கேட்டார். அது வேறு ஈயம், இது பெட்டரிக்குள் இருக்கிற ஈயம், உடம்பில் சேர்ந்தால் நரம்பைத் தின்னும் என்றேன். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டுபோய் இரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லுங்கள், பி.எச்.ஐ. ஐயாவைப் பிடித்து அவர் கையாலேயே போத்தலில் தண்ணீர் எடுக்கச் சொல்லுங்கள், சுகாதார அதிகாரி எடுத்தால் முடிவை யாரும் மறைக்க முடியாது, அதுவரைக்கும் அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்றேன். ஒவ்வொன்றையும் விரல் மடக்கிக் கேட்டுக்கொண்டார். கடைசி விரலில் நின்றார்: “குடிக்காதீங்கன்னு சொல்லிட்டீங்க, சரிங்க. வேற பீலி எங்க இருக்கு?”

இந்த முறை மெஷின்தான் பிழை

பதினைந்து நாளில் பி.எச்.ஐ. சீல் வைத்த போத்தல்களோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். செல்வராணி பின்னாலேயே நின்று அவரை மலைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அன்றைக்குப் பார்த்து மெஷின் உண்மையிலேயே செத்துவிட்டது. ஈயத்தைப் பார்க்க ஈயத்துக்கென்றே ஒரு விளக்கு உண்டு. அது எரியவில்லை. பரீனா மிஸ் உடனே எனக்குக் கோல் எடுத்தார். “யோகராஜ், நாங்க வேணுமெண்டு செஞ்சதா நினைக்கப் போறாங்க” என்றார். கொழும்பில் இரண்டு வாரம் கேட்டார்கள். அந்த இரண்டு வாரமும் ஜனங்கள் அதே பீலியில் குடம் பிடிப்பார்கள். நுவரெலியாவில் எனக்குப் பழக்கமான ஒரு இடத்தில் இரவல் கேட்டு, ஒரு பழைய விளக்கைத் துவாய்த் துண்டில் சுற்றி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டு ஹட்டன் பஸ்ஸில் வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் உயிர் போய் வந்தது. மாட்டினேன். எரிந்தது. எண் முன்பைவிடக் கூடியிருந்தது.

கொட்டகையை மூடினார்கள். ஊற்றை அடைத்தார்கள். வேறு மலையிலிருந்து குழாய் வர ஐந்து மாதம் ஆனது, அதுவரைக்கும் நினைத்த நேரம் பவுசர் வந்தது. சந்திரனின் இரத்தத்திலும் ஈயம் இருந்தது. இன்னும் பதினாலு பேருக்கு இருந்தது. அவருடைய கை பாதிதான் திரும்பியது. இப்போது இடது கையால் தொழிற்சாலை முற்றத்தைக் கூட்டுகிறார். முடிவை வெளியே சொன்னது யார் என்று கம்பெனி என்னிடம் விளக்கம் கேட்டது. நான்தான் என்று எழுதிக் கொடுத்தேன். வேலையை எடுக்கவில்லை, மலைக்கு வர வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதால். அந்த ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் இனிப் போகக்கூடாது என்றார்கள்.

கடைசியாக அங்கே என் சாமான்களை எடுக்கப் போன நாளில் செல்வராணி வந்திருந்தார். பி.எச்.ஐ. கொடுத்த முடிவின் பிரதி கையில் இருந்தது, முழுக்க இங்கிலீஷ். அதைத் தமிழில் எழுதித் தரும்படி கேட்டார். எதற்கு, ஆஸ்பத்திரிக்கு இங்கிலீஷே போதுமே என்றார் பரீனா மிஸ். ஆஸ்பத்திரிக்கு இல்லை என்றார் செல்வராணி. மிஸ் வேறொன்றும் கேட்காமல் ஒரு தாளை எடுத்து, நிதானமாக, பெரிய எழுத்தில் எழுதத் தொடங்கினார். செல்வராணி மேசை மேல் குனிந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “லயத்துல வீடு வீடாப் போயி படிச்சுக் காட்டணும் மிஸ். எம்புருஷன் அடிச்ச தண்ணி பீலித் தண்ணிதான்னு.”

பதினாறு வருஷத்தில் நான் பார்க்கப்போன மெஷின்களில் பாதிக்கு ஒரு பழுதும் இருக்கவில்லை, அந்த இடங்களில் உண்மையில் பழுதாகியிருந்தவற்றுக்கோ எந்தக் கம்பெனியும் இன்னும் உதிரிப்பாகம் செய்யத் தொடங்கவில்லை.